கடைசியாக வருபவருக்கு என்ன ஏற்பாடு? – ஓட்டக் குழு பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

ஓட்டம் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். நாங்கள் சிலர் சேர்ந்து இரண்டு ஆண்டுகளாக ஓர் ஓட்டக் குழு நடத்திவருகிறோம். ஞாயிறு காலை எட்டுக் கிலோமீட்டர், வார நாட்களில் இரண்டு முறை ஐந்து கிலோமீட்டர். வாட்ஸப் குழுவில் எழுபது பேர் இருக்கிறார்கள். யாராவது அரை மாரத்தான் முடித்தால் வாழ்த்துகள் குவியும். ஆனால் ஓட வருபவர்கள் பதினைந்து பேர்தான். பெரும்பாலும் அதே பதினைந்து பேர். புதிதாக வருபவர்கள் இரண்டு மூன்று வாரங்களில் நின்றுவிடுகிறார்கள். கேட்டால் வேலை என்கிறார்கள்.

சென்ற மாதம் ஒரு பெண்மணிக்குப் பாதி வழியில் கணுக்கால் பிசகிவிட்டது. நாங்கள் ஓடி முடித்து, உடலை நீட்டி மடக்கி, படம் எடுத்துக்கொண்டு கலைந்துவிட்டோம். அவர் திரும்பி வரவில்லை என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. அவரே நொண்டிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்திருக்கிறார். குழுவில் ஒரு வார்த்தை எழுதவில்லை. அதன்பின் வரவும் இல்லை. எங்களில் ஒருவரும் கெட்டவர் இல்லை ஐயா. அதுதான் அதிகம் உறுத்துகிறது.

ஒருவருக்கொருவர் துணையாக இருப்பது ஒரு குழுவில் தானாக வருமா, நாம் கொண்டுவர முடியுமா? மெதுவாக ஓடுபவர்களைக் கவனித்துக்கொண்டே வேகமாக ஓடுபவர்களின் பயிற்சி கெடாமல் பார்த்துக்கொள்ள வழி உண்டா? அந்தப் பெண்மணியை எப்படித் திரும்ப அழைப்பது?

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்களில் ஒருவரும் கெட்டவர் இல்லை என்பதை முழுமையாக நம்புகிறேன். கிளம்பும்போது எத்தனை பேர், திரும்பியபோது எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கும் வேலை உங்கள் குழுவில் யாருக்கும் இல்லை. அதனால்தான் படத்தில் ஒருவர் குறைந்தது தெரியாமல் போனது. ஓட்டக் குழுவில் அன்பு பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கிறது. அது யார் வழியாக, எந்த நிமிடத்தில், எந்த இடத்தில் போய்ச் சேர வேண்டும் என்ற ஏற்பாடுதான் இருப்பதில்லை. ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: கொண்டுவர முடியும். தானாக வரட்டும் என்று விட்டால் முன்வரிசையில் ஓடும் ஐந்தாறு பேருக்குள் மட்டும் வரும்.

முதலில் உங்கள் ஞாயிற்றுக்கிழமையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டுக் கிலோமீட்டரை, கிலோமீட்டருக்கு ஐந்தரை நிமிடம் ஓடுபவர் 44 நிமிடத்தில் முடிப்பார். எட்டு நிமிடம் எடுப்பவருக்கு 64 நிமிடம் ஆகும். இடையில் 20 நிமிடம். உடலை நீட்டி மடக்கவும், படம் எடுக்கவும், வீட்டு வேலை நினைவுக்கு வந்து கிளம்பவும் அது போதும். மெதுவாக ஓடுபவர் வந்து சேரும்போது இடம் காலியாகியிருக்கும். இரண்டு மூன்று வாரம் இதைப் பார்த்தவர், இதற்குத் தனியாகவே ஓடலாமே என்று முடிவெடுக்கிறார். உங்களிடம் வேலை என்று சொல்கிறார். அவரிடம் குறையில்லை. எல்லாருக்கும் ஒரே தூரம் வைத்ததுதான் பிரச்சினை.

தூரத்தை விட்டுவிட்டு நேரத்தை வையுங்கள். ஒரே சாலையில் எல்லாரும் கிளம்புகிறீர்கள். 25 நிமிடம் ஆனதும், யார் எங்கே இருந்தாலும் அவரவர் கடிகாரத்தைப் பார்த்து அங்கேயே திரும்ப வேண்டும். வேகமானவர் ஏறத்தாழ நாலரைக் கிலோமீட்டர் போயிருப்பார், மெதுவானவர் மூன்றுக்குச் சற்று மேலே. அதே வேகத்தில் திரும்பினால் இருவரும் 50ஆவது நிமிடத்தில் புறப்பட்ட இடத்தில் நிற்பார்கள். திரும்பும் பாதி முழுக்க மெதுவாக ஓடுபவர்தான் முன்னால் இருப்பார், வேகமானவர்கள் பின்னாலிருந்து நெருங்கிக்கொண்டே வருவார்கள். எப்போதும் மற்றவர்களின் முதுகையே பார்த்து ஓடியவருக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை, ஒருமுறையாவது கடைசியில் ஓடியவர்கள் அறிவார்கள்.

இதில் தவறுபவை மூன்று. போகும்போது வேகமாகப் போய்விட்டுத் திரும்பும்போது தளர்வது முதலாவது. அப்படிப் போனவர் தாமதமாக வந்து சேர்வார். இரண்டு வாரத்தில் தானே திருந்திக்கொள்வார், யாரும் சொல்லத் தேவையில்லை. இரண்டாவது, காற்றும் மேடும். போகும் பாதி காற்றை எதிர்த்தோ மேட்டிலோ அமையும்படி திசையைத் தேர்ந்தெடுங்கள். மறுபுறமாக வைத்தால் திரும்பும் பாதி மெதுவாகிவிடும், எல்லாருக்கும் ஒரே அளவில் மெதுவாகாது. மூன்றாவது, "முழு எண்ணாக ஆகட்டும்" என்று இன்னும் 300 மீட்டர் கூடுதலாகப் போய்த் திரும்புகிறவர். அவரிடம் மட்டும் தனியாகப் பேசுங்கள். குழுவில் ஒருவர் அப்படிச் செய்தால் அடுத்த வாரம் நான்கு பேர் செய்வார்கள்.

நேரத்தை வைத்து ஓடினாலும் போகும் பாதியில் கடைசியில் இருப்பவர் தனியாகத்தான் இருப்பார். அங்கேதான் பின்துணை வேண்டும். குழுவின் கடைசி ஆளோடு ஓடுவதையே அன்றைய வேலையாக ஏற்றுக்கொண்ட ஒருவரைத்தான் அப்படிச் சொல்கிறேன். இதைச் சரியாகச் செய்யும் குழுக்கள் மிகக் குறைவு என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

பின்துணை, அந்த வேகத்தில் சிரமமின்றி ஓடக்கூடியவராக இருக்க வேண்டும். குழுவிலேயே மெதுவானவரை, "நீங்கள் எப்படியும் பின்னால்தானே வருவீர்கள்" என்று அந்த வேலையில் போடுவது பெரும் தவறு. மூச்சு வாங்கிக்கொண்டிருப்பவரால் இன்னொருவரைக் கவனிக்க முடியாது. ஏதாவது நடந்தால் ஓடிப்போய் ஆள் கூப்பிடவும் தெம்பு இருக்காது. முந்தைய நாள் கடுமையான பயிற்சி செய்தவருக்கு இந்த வேலை பொருந்தும். அவருக்கு அன்று மெதுவாகத்தான் ஓட வேண்டும், ஆனால் முன்வரிசையோடு போனால் மெதுவாக ஓட மாட்டார்.

அவர் கையில் இருக்க வேண்டியவை: மின்னேற்றிய கைபேசி, அரை லிட்டர் தண்ணீர், விசில், இருட்டு நேரமானால் ஒரு சிறு விளக்கு, ஒரு சுருள் கட்டுத்துணி, வந்தவர்களின் பெயர்ப் பட்டியல். இடுப்புப் பையில் எல்லாம் அடங்கும். ஓடும்போது அரை அடிகூட முன்னால் போகக் கூடாது. அரை அடி முன்னால் போனாலும் பக்கத்தில் இருப்பவர் தன்னை இழுத்துக்கொண்டு போவதாக உணர்வார். கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது. அந்த ஒரு பார்வை போதும், தன்னால் இவருக்கு நேரம் வீணாகிறது என்று மற்றவர் நினைத்துக்கொள்ள. பேச்சு வேண்டுமா, அமைதி வேண்டுமா என்று முதல் சில நிமிடங்களில் புரிந்துவிடும். அமைதி வேண்டுபவர் என்றால் 15, 20 மீட்டர் பின்னால் வந்தால் போதும், கண்ணில் படும் தூரத்தில். யாராவது நின்றுவிட்டால் அவரும் நிற்க வேண்டும். பின்துணை வந்து சேரும்வரை ஒருவரும் கலையக் கூடாது. அவர் வந்ததும் பட்டியலைப் பார்த்து எண்ண வேண்டும். இடையில் வீட்டுக்குத் திரும்புபவர் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். உங்கள் குழுவில் இது ஒன்று இருந்திருந்தால் அந்தப் பெண்மணி கணுக்காலைப் பிடித்துக்கொண்டு சில நிமிடங்களுக்கு மேல் தனியாக உட்கார்ந்திருக்க மாட்டார்.

ஒருவருக்கு மாதம் ஒரு முறைக்கு மேல் இந்தப் பொறுப்பு வரக் கூடாது. நான்கு வாரத்துக்கான பெயர்களை முன்கூட்டியே எழுதி அறிவியுங்கள். அன்று காலை "இன்னிக்கு யார் பின்னால வர்றீங்க?" என்று கேட்டால் எப்போதும் அதே இரண்டு நல்லவர்கள்தான் கை தூக்குவார்கள். ஆறு மாதத்தில் அவர்களும் சலித்துப்போவார்கள். பத்துப் பன்னிரண்டு பேருக்கு, முன்னால் நடத்திச் செல்லும் ஒரு முன்துணை, ஒரு பின்துணை என்பது நல்ல அளவு. இருபதைத் தாண்டினால் குழுவை வேகப்படி இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இருவரைப் போடுங்கள்.

பார்வையற்றவர்களோடு ஓடும் வழிகாட்டி ஓட்டக்காரர்கள் இந்தக் கலையில் எல்லாருக்கும் முன்னோடிகள். இருவர் கையையும் இணைக்கும் ஒரு சிறு கயிறுதான் கருவி. வேகத்தை முடிவு செய்பவர் பார்வையற்ற ஓட்டக்காரர். வழிகாட்டி அவரை இழுக்கவோ தள்ளவோ கூடாது. பாரா தடகளப் போட்டிகளில் முடிவுக்கோட்டை ஓட்டக்காரர் முதலில் கடக்க வேண்டும், வழிகாட்டி அவருக்குப் பின்னால்தான். முடிந்தால் அப்படி ஓடும் ஒருவரை ஒருநாள் அழைத்துப் பேசச் சொல்லுங்கள். "மூன்றடியில் மேடு", "வலப்பக்கம் வளைவு" என்று குறுகிய சொற்களில், தக்க நேரத்தில், பதறாமல் சொல்வது எப்படி என்று எல்லாரும் கற்றுக்கொள்ளலாம்.

நின்று காத்திருப்பது பற்றியும் சொல்ல வேண்டும். பல குழுக்கள் ஒரு திருப்பத்தில் நின்று பின்னால் வருபவர்களுக்காகக் காத்திருக்கின்றன. நல்லெண்ணம்தான். ஆனால் கடைசி ஆள் வந்து சேர்ந்த நொடியில், மூன்று நிமிடம் இளைப்பாறிய மற்றவர்கள் "சரி, போகலாம்" என்று கிளம்பிவிடுகிறார்கள். ஓய்வு தேவைப்படாதவர்களுக்கு ஓய்வு கிடைக்கிறது, தேவைப்படுபவருக்கு ஒரு நொடியும் இல்லை. பதினைந்து நிமிடத்தில் அவர் மேலும் பின்தங்குவார், காத்திருப்பு நீளும், அவருக்கு வெட்கமும் கூடும். நிற்பதற்குப் பதிலாக முன்னால் போனவர்கள் திரும்பிக் கடைசி ஆள்வரை ஓடி வந்து, அவருக்குப் பின்னால் சேர்ந்துகொள்ளட்டும். அவர்களுக்குத் தூரம் கூடும், இவருக்கு ஓட்டம் தடைபடாது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி, வேகமானவர்களின் பயிற்சி. அவர்களுக்கு வேகப் பயிற்சி நாள் ஒன்று தனியாக இருக்கட்டும். அன்றும் எல்லாரும் வரலாம், நேரத்தை வைத்தால். உதாரணமாக 3 நிமிடம் வேகமாக ஓடுவது, பிறகு 2 நிமிட இடைவேளை. இடைவேளையில் முன்னால் இருப்பவர்கள் பின்னோக்கியும் பின்னால் இருப்பவர்கள் முன்னோக்கியும் மெல்ல நடந்து ஒன்றுசேர்ந்து, அங்கிருந்து அடுத்த 3 நிமிடம். ஆறு முறை. ஒவ்வொருவரும் தன்னால் முடிந்த அளவு ஓடுகிறார், ஒவ்வொரு சுற்றும் ஒரே கோட்டில் தொடங்குகிறது.

மற்ற நாட்கள் பேசிக்கொண்டே ஓடும் நாட்கள். பத்துப் பன்னிரண்டு சொற்கள் கொண்ட ஒரு வாக்கியத்தை மூச்சு விடாமல் சொல்ல முடிந்தால் அது சரியான வேகம். குழுவாக ஓடும்போது இந்த வேகம் கெடுவதற்கு ஒரு குறிப்பிட்ட காரணம் உண்டு. இருவர் பக்கத்தில் ஓடுகிறார்கள், ஒருவர் அறியாமல் அரை அடி முன்னால் போகிறார், மற்றவர் அதை ஈடுகட்டுகிறார், முதலாமவர் மறுபடி அரை அடி. இருபது நிமிடத்தில் மெது ஓட்டம் பந்தயமாகிவிடும், யாரும் வேகத்தைக் கூட்டியதாக நினைக்கவே மாட்டார்கள். முன்துணையாக ஓடுபவர் தன் பகுதியின் மெதுவான ஆளின் தோளுக்கு இணையாக ஓடினால் இது நிற்கும். கடிகாரம் அந்தந்த நொடிக்குக் காட்டும் வேகத்தை நம்ப வேண்டாம். மரங்களுக்கும் உயரக் கட்டடங்களுக்கும் இடையில் ஜி.பி.எஸ். தடுமாறும். ஒரு கிலோமீட்டரின் சராசரியைப் பார்த்தால் போதும்.

இப்படி மெதுவாக ஓடுவது வேகமானவருக்கு இழப்பு என்ற எண்ணமே பிழை. நெடுந்தூர ஓட்டக்காரர்களின் வாரத்தில் பெரும்பகுதி எளிதான ஓட்டமாகத்தான் இருக்க வேண்டும். தனியாக விட்டால் அதைச் செய்ய முடியாத பலர் இருக்கிறார்கள். எளிதாக ஓடவேண்டிய நாளில் நடுத்தரக் கடுமையில் ஓடி, கடுமையாக ஓடவேண்டிய நாளில் களைத்துப்போய் நிற்பார்கள். இவர்களுக்கு மெதுவான நண்பர் ஒரு வரம்.

இதற்கு வரலாற்றில் ஒரு சான்று உண்டு. நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்ட் ஒலிம்பிக் வெற்றியாளர்களை உருவாக்கிய பயிற்சியாளர். 1960களின் தொடக்கத்தில் ஆக்லாந்தில் சாதாரண மனிதர்கள், இதயநோயிலிருந்து மீண்டவர்கள் உட்பட, சேர்ந்து மெதுவாக ஓடும் வழக்கத்தை அவர் தொடங்கிவைத்தார். 1962ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மன் அங்கே விருந்தினராக வந்தார். ஓட்டப் பயிற்சியாளர், ஆனால் தானே ஓடுவதை விட்டு வெகுநாளானவர். அந்தக் கூட்டத்தோடு ஓடப் போய் மேட்டில் திணறிப் பின்தங்கினார். எழுபது வயதைத் தாண்டிய, இதயநோய் கண்டு மீண்ட ஒருவர் வேகத்தைக் குறைத்து அவர் பக்கத்திலேயே பேசிக்கொண்டு ஓடினார். ஊருக்குத் திரும்பிய பவர்மன் 1963இல் ஆரிகன் மாநிலத்தின் யூஜீன் நகரில் பொதுமக்களுக்கான மெது ஓட்டக் கூட்டங்களைத் தொடங்கினார். அமெரிக்காவில் மெது ஓட்டம் பரவியதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. அந்த முதியவர் செய்தது பின்துணை வேலைதான்.

சேர்ந்து உழைப்பது உடலிலேயே வேறுபாட்டை உண்டாக்குகிறது என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் துடுப்பு வீரர்களை வைத்து 2009இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. துடுப்புப் பயிற்சி இயந்திரத்தில் தனியாகவும் குழுவாகவும் அவர்கள் ஏறத்தாழ ஒரே அளவு உழைத்தார்கள். குழுவாகச் செய்த பிறகு வலியைத் தாங்கும் திறன் கூடுதலாக இருந்தது. 2017இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த சினான் ஆரல், கிறிஸ்டோஸ் நிக்கோலெய்ட்ஸ் இருவரும் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட ஓட்டக்காரர்களின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். நண்பர்கள் கூடுதலாக ஓடினால் நாமும் கூடுதலாக ஓடுகிறோம் என்பது அதில் தெரிந்தது. அதைவிட முக்கியமானது, குறைவாக ஓடுபவர்கள்தான் அதிகம் ஓடுபவர்களைத் தூண்டுகிறார்கள் என்ற முடிவு. உங்கள் முன்வரிசைக்காரர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

புதியவர்களுக்கு முதல் நான்கு வாரம் ஒரே முகம் தெரிய வேண்டும். ஒருவரை அவருக்கென்று ஒதுக்குங்கள். எவ்வளவு நேரம் ஓடுவோம், எங்கே திரும்புவோம், பையை எங்கே வைப்பது, கழிப்பறை எங்கே, முடியாமல் போனால் என்ன செய்வது என்ற ஐந்தையும் முந்தைய நாளே சொல்லிவிட வேண்டும். இதுவரை ஓடியே பழகாதவர் என்றால் ஓட்டமும் நடையும் கலந்து தொடங்கட்டும். ஜாஷ் கிளார்க் என்பவர் 1996இல் வகுத்த ஒன்பது வாரத் திட்டம் உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. அதன் முதல் வாரம் 5 நிமிட வேக நடை, பிறகு 60 நொடி ஓட்டம், 90 நொடி நடை என்று மாறி மாறி 20 நிமிடம். அவரோடு ஓடுபவரும் அந்த 90 நொடி நடக்க வேண்டும். புதியவர் நடக்கும்போது பக்கத்தில் இருப்பவர் இருந்த இடத்திலேயே குதித்துக்கொண்டிருப்பதைப் போல மனதைச் சுருக்குவது வேறில்லை.

சொற்களிலும் கவனம் வேண்டும். "இன்னும் கொஞ்சம்தான்" என்று சொல்லாதீர்கள். களைத்தவருக்கு அது பொய்யாகத் தெரியும். இரண்டு முறை கேட்டபின் உங்களை நம்ப மாட்டார். "இன்னும் 600 மீட்டர், அந்த விளக்குக் கம்பம்வரை மேடு, அப்புறம் சமதளம்" என்று சொல்லுங்கள். கடைசியாக வருபவருக்கு மட்டும் எல்லாரும் நின்று கைதட்டும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். தட்டினால் எல்லாருக்கும் தட்டுங்கள். கேட்காதவரை கால் வைக்கும் முறை, கை வீசும் முறை பற்றி அறிவுரை வேண்டாம். எடை பற்றிப் பேசவே வேண்டாம். "மெலிஞ்சிட்டீங்களே" என்ற பாராட்டும் வேண்டாம். போதிய அளவு உண்ணாமல் ஓடுவதால் வரும் எலும்பு முறிவுகளும் மாதவிலக்குக் கோளாறுகளும் இத்தகைய பாராட்டுகளால் மறைந்தே வளர்கின்றன.

நல்லெண்ணம் தீங்காகும் இடங்கள் இன்னும் உண்டு. "குடிங்க, குடிங்க" என்று வற்புறுத்தித் தண்ணீர் கொடுப்பது ஒன்று. நீண்ட ஓட்டத்தில் தாகத்துக்கு மேல் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். தாகம் எடுத்தால் குடிக்கட்டும், அருகில் தண்ணீர் இருந்தால் போதும். இன்னொன்று, மாதம் யார் அதிகத் தூரம் என்ற பட்டியல். அதைப் பார்த்து வலியை மறைத்துக்கொண்டு ஓடுபவர்கள் ஒவ்வொரு குழுவிலும் உண்டு. எலும்பின் ஒரே புள்ளியில் தொட்டால் வலி, இரவிலும் வலி, ஒற்றைக்காலில் குதித்தால் வலி என்றால் ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும். அப்படிப்பட்டவரிடம் "விடாதே, உன்னால் முடியும்" என்று சொல்வது அவருக்குச் செய்யும் கெடுதல். ஐந்து கிலோமீட்டர் ஓடுபவரை நண்பர்கள் சேர்ந்து அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுக்க வைப்பதும் அப்படித்தான். கடந்த ஒரு மாதத்தில் ஓடிய நீண்ட ஓட்டத்தைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஒரே நாளில் கூட்டாமல் இருப்பது பாதுகாப்பு.

பட்டியல் வேண்டுமென்றால் வந்த நாட்களின் எண்ணிக்கையையும் உதவிய நாட்களையும் போடுங்கள். காயம்பட்டவர் உதவிக்கு வந்த நாளும் வந்த நாள்தான். நேரம் குறிப்பது, பைகளைப் பார்த்துக்கொள்வது, சைக்கிளில் பின்துணையாக வருவது, பெயர்ப் பட்டியல் என்று அவருக்கு வேலை கொடுங்கள். 2004 அக்டோபர் 2ஆம் தேதி லண்டனின் புஷி பூங்காவில் 13 பேர் 5 கிலோமீட்டர் ஓடினார்கள். அதைத் தொடங்கிய பால் சின்டன்-ஹ்யூவிட் அப்போது காயத்தால் ஓட முடியாமல் இருந்தவர். ஓட முடியாவிட்டாலும் நண்பர்களோடு இருக்க ஒரு வழி தேடியதுதான் பின்னாளில் பார்க்ரன் என்ற வாராந்திரப் பொது ஓட்டமாகப் பல நாடுகளுக்குப் பரவியது. இன்றும் அங்கே ஒவ்வொரு ஓட்டத்திலும் கடைசியாக நடந்து வருவதற்கென்றே ஒரு தன்னார்வலர் இருப்பார். வேறு யாரும் கடைசியாக ஆவதில்லை. காயம் ஆறியவர் திரும்பும்போது, வலியில்லாமல் 30 நிமிடம் வேகமாக நடக்க முடிகிறதா என்று முதலில் பார்த்து, பிறகு ஒரு நிமிட ஓட்டங்களைச் சேர்க்கட்டும். அவருக்கும் புதியவருக்கும் ஒரே திட்டம் பொருந்தும், இருவரையும் சேர்த்தே ஓட விடலாம்.

பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாக. குழுவில் குறைந்தது இருவர், இதயம் நின்றுவிட்டால் செய்யும் நெஞ்சழுத்த முதலுதவியை (சி.பி.ஆர்.) முறைப்படி கற்றிருக்க வேண்டும். பெரியவர்களுக்கு மார்பின் நடுவில் 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தங்கள். வெயிலில் ஓடும் ஒருவர் உளறினாலோ, தள்ளாடினாலோ, இயல்பு மாறிக் கோபப்பட்டாலோ வெப்பத்தாக்கு என்று கொள்ளுங்கள். ஆம்புலன்சை அழைத்துவிட்டு, அது வரும்வரை காத்திராமல் உடனே நிழலில் கிடத்தி, உடல் முழுக்கக் குளிர்ந்த நீர் ஊற்றி விசிறுங்கள். முதல் அரைமணி நேரம் மிக முக்கியம். ஒவ்வொருவரின் இரத்த வகை, ஒவ்வாமை, உட்கொள்ளும் மருந்து, அழைக்க வேண்டிய எண் ஆகியவை பொறுப்பாளர்கள் இருவரிடம் மட்டும் இருக்கட்டும். வாட்ஸப் குழுவில் போடாதீர்கள்.

ஓட்டப் பதிவுகளிலும் இந்தக் கவனம் வேண்டும். ஓட்டங்களைப் பதிவுசெய்யும் ஸ்ட்ராவா செயலி வெளியிட்டிருந்த வரைபடத்திலிருந்து 2018இல் ராணுவ முகாம்களின் இருப்பிடங்களே தெரிந்துபோயின. ஒரு பெண்ணின் வீட்டு வாசல் தெரிவதற்கு அவ்வளவுகூட வேண்டாம். தொடக்க, முடிவு இடங்களை மறைக்கும் வசதியை எல்லாரும் பயன்படுத்தக் கற்றுக்கொடுங்கள். யாராவது தொல்லை கொடுத்தால் போய்ச் சொல்ல இருவர் வேண்டும், அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். அந்த இருவர் பெயரும் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

வாட்ஸப் குழுவை இரண்டாக்குங்கள். ஒன்று அறிவிப்புக்கு மட்டும், பொறுப்பாளர்கள் மட்டும் எழுதுவது. கூடும் இடம், நேரம், எத்தனை நிமிட ஓட்டம், பின்துணையின் பெயர், தண்ணீர் உண்டா இல்லையா. மற்றொன்று அரட்டைக்கு. எழுபது பேர் வாழ்த்திக்கொள்ளும் இடத்தில் "நாளை 5:45க்கு" என்ற செய்தி புதைந்துபோகிறது. இரண்டு வாரம் வராதவருக்குத் தெரிந்த ஒருவர் தனியாக எழுதட்டும். "ஏன் வரல?" என்று கேட்டால் குற்றம் சாட்டுவது போலாகும். "எப்படி இருக்கீங்க?" போதும்.

அந்தப் பெண்மணிக்குச் செய்தி அனுப்ப வேண்டாம். பொறுப்பாளர்களில் ஒருவர் தொலைபேசியில் அழைக்கட்டும், முடிந்தால் நேரில் போகட்டும். கணுக்கால் எப்படி இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். அன்று எண்ணிப் பார்க்காமல் கலைந்தது எங்கள் தவறு என்று விளக்கம் எதுவும் சேர்க்காமல் சொல்லுங்கள். "நீங்கள் ஒரு போன் செய்திருக்கலாமே" என்ற சொல் எந்த வடிவத்திலும் வரக் கூடாது. பிறகு என்ன மாற்றியிருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள், ஆகவே மாற்றிய பிறகு அழையுங்கள். திரும்பி வரச் சொல்லிக் கேட்பது கடைசியில், ஒரே ஒரு முறை. அவர் மறுத்தால் அது அவர் உரிமை. வந்தால், அந்தச் சம்பவத்தை எல்லார் முன்னும் பேசி அவரை எடுத்துக்காட்டாக்காதீர்கள்.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்ய முயல வேண்டாம். வரும் ஞாயிறு மூன்று போதும்: பெயர்ப் பட்டியல், பின்துணை ஒருவர், 25 நிமிடத்தில் திரும்புவது. அன்று பின்துணையாக உங்கள் குழுவிலேயே வேகமானவரைப் போடுங்கள். அவர் மறுத்தால் நீங்களே போங்கள். நான்கு ஞாயிறு கழித்து, திரும்பும் பாதியில் என்ன நடக்கிறது, யார் யார் புதிதாகத் தொடர்ந்து வருகிறார்கள் என்று எழுதுங்கள். இருபது பேருக்கு மேல் ஆகிவிட்டால் குழுவைப் பிரிப்பது பற்றி அப்போது விரிவாகப் பேசலாம்.

அன்புடன்